வெற்றிலை விழாத பெயர்

உளுந்து பார்க்க யாங்கோனுக்குப் போன நான், ஐந்து நாளில் ஒன்றரை நாள்தான் உளுந்து பார்த்தேன். மிச்சமெல்லாம் ஹாக்கி. எங்கள் முதலாளிக்குப் பயணக் கட்டுரை படிக்கும் பழக்கம் இல்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

விருதுநகரில் பருப்பு இறக்குமதி செய்யும் ஒரு மண்டியில் எனக்கு வேலை. மாசி பிறந்தால் பர்மாவில் புது உளுந்து வந்துவிடும். யாராவது நேரில் போய், மூட்டைக்குள் கைவிட்டு அள்ளி, பல்லில் கடித்து, ஈரம் எவ்வளவு, கல் எவ்வளவு, வண்டு இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். வழக்கமாகப் போகிறவருக்குப் பல் கட்டியிருக்கிறார்கள் என்பதால் என்னை அனுப்பினார்கள். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் ஊரில் பிறந்தவன் ஒன்று ஹாக்கி ஆடியிருப்பான், இல்லாவிட்டால் ஆடுகிறவனைக் கோட்டுக்கு வெளியே நின்று திட்டியிருப்பான். நான் கல்லூரி அணியில் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்தவர் கோ முருகேசு. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் நாங்கள் சரக்கு எடுக்கும் குடோனின் மேற்பார்வையாளர். நாற்பத்தைந்து வயது, கைலி மாதிரி கட்டம் போட்ட லொஞ்சி, சட்டைப் பையில் ஒரு வெற்றிலைச் சுருள், வாயில் இன்னொன்று. ‘கோ’ என்பது அங்கே அண்ணன் மாதிரி ஒரு மரியாதை; வயதான ஆணுக்கு ‘ஊ’, வயதான பெண்ணுக்கு ‘டோ’, இளம்பெண்ணுக்கு ‘மா’. கார் ஸ்டியரிங் நம் ஊர் மாதிரி வலது பக்கம் இருக்கிறது, ஆனால் வண்டியும் சாலையின் வலது பக்கமே ஓடுகிறது. முந்தும்போது எதிரில் என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத்தான் தெரிந்தது. பாகோ ஆற்றுப் பாலம் வரும்வரை நான் கைப்பிடியை விடவில்லை.

பாலத்தின் நடுவில் முருகேசு கேட்டார். "சயா எந்த ஊரு?"

வாத்தியாரையும் பெரிய மனிதரையும் அங்கே ‘சயா’ என்பார்கள். நான் என்னைப் பெரிய மனிதர் கணக்கில் வைத்துக்கொண்டு ஊரைச் சொன்னேன்.

வண்டி சற்று வேகம் குறைந்தது. "கோவில்பட்டியா? நெசமாவா? அப்ப ஹாக்கி தெரியுமே!"

"ஏதோ கொஞ்சம்" என்றேன். நான் வாழ்க்கையில் இவ்வளவு அடக்கமாக எதையும் சொன்னதில்லை. வண்டி குடோனுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே ஒரு டீக்கடைக்குப் போய் நின்றது.

டோ கமலாவின் கடை அது. அறுபது வயது அம்மாள், கன்னத்தில் சந்தனம் மாதிரி தனகாப் பூச்சு, மூக்கில் எங்கள் பக்கத்து மூக்குத்தி. முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் முக்காலிகள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் வந்த பிறகும் அப்படியேதான் பேசினார்கள். டீயில் பாதி கெட்டிப்பால். பரோட்டாவைப் ‘பலாட்டா’ என்று சொல்லி, மேலே வேகவைத்த பட்டாணியைக் கொட்டித் தந்தார்கள். விருதுநகர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும், இரண்டு சாப்பிட்டேன்.

"கோவில்பட்டி சயா" என்று முருகேசு அறிமுகம் செய்ததும் கடையில் பாதிப் பேர் முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்கள். முந்தின நாள்தான் வெற்றிலை வைப்பு நடந்திருந்தது. அதில் முருகேசு செய்த காரியத்துக்கு ஒரு நடுவர் தேவைப்பட்டார்.

அது என்ன வெற்றிலை வைப்பு என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னார்கள். மாசித் திருவிழாவுக்கு நாலு ஊர்த் தமிழர்கள் ஏழு பேர் அணிகளாக ஹாக்கி ஆடுவார்கள்: லத்தா, பொட்டடாங், இன்செய்ன், தன்லியின். பையன்கள் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போகப் போக ஆள் குறைந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து, ஆட வருகிற எல்லாருடைய பெயரையும் ஒரே பட்டியலில் எழுதி, நாலு மேனேஜர்களும் முறை வைத்துப் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். வேண்டிய பெயர்மேல் வெற்றிலையை வைத்துவிட்டால் அந்த ஆள் அந்த ஊருக்கு. போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் இலை. இந்த வருஷத்தோடு ஐந்து வருஷமும் முதல் இலை தன்லியினுக்குத்தான் வந்தது. ஐந்து தடவையும் அதை வைத்தவர் முருகேசு.

"ஒவ்வொரு வருஷமா சொல்லட்டுமா சயா?" என்றார் டோ கமலா. முருகேசு டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டார்.

"மொத வருஷம் ஆறடி ஆளு ஒருத்தன்மேல வச்சான். பாத்தா ராஜா மாதிரி இருப்பான். பந்தைக் காலால ஒதைச்சான். புட்பால்காரன்! ரெண்டாம் வருஷம் கோல்கீப்பர். நல்ல பையன்தான். திருவிழாவுக்கு மூணு நாள் இருக்கச்சே லத்தா மேனேஜர் ஊ பழனி தம் பொண்ண அவனுக்கு நிச்சயம் பண்ணிட்டாரு. மாமனார் டீம் அடிக்கிற பந்தை எந்த மாப்பிள்ளை தடுப்பான்? மூணாம் வருஷம் வச்சவன் மேட்ச் அன்னைக்குக் காலையில மலேசியா போயிட்டான். ஜெர்சியோட!"

"நாலாவது வருஷம் நல்ல ஆளும்மா" என்றார் முருகேசு மெதுவாக.

"நல்ல ஆளுதான். தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தான், அதைக் கேட்டியா நீ? காப்புக் கட்டினவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது. மேட்சு இன்செய்ன்ல!"

கடை குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். முருகேசு முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். இந்த வருஷம் முதல் இலையை ஊ தங்கராஜ்மேல் வைத்திருக்கிறார். தங்கராஜுக்கு நாற்பத்தாறு வயது, வேன் ஓட்டுகிறார், இடது முழங்கால் மடங்காது.

"ஏன் சார் அப்படி?" என்று எனக்கே கேட்கத் தோன்றிவிட்டது.

"சுப்பையா பேரு வரும்னு காத்திருந்தேன் சயா" என்றார் முருகேசு. பக்கத்து ஊரான கியாக்தானில் சுப்பையா என்று ஒரு பதினேழு வயதுப் பையன். தீபாவளிக்குச் சும்மா ஆடிய ஒரு ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்திருக்கிறான். நாலு மேனேஜரும் அவன் பெயருக்காகவே இலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியலில் சுப்பையா இல்லை. முதல் இலை முருகேசுவுடையது, எல்லோரும் அவர் கையையே பார்க்கிறார்கள், அவசரத்தில் கண்ணில் பட்ட பெயர்மேல் வைத்துவிட்டார்.

இந்த வருஷம் கடைசியாக வருகிற அணி கலைக்கப்படும் என்று பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நாலு அணிக்கு ஆள் போதவில்லை, இனிமேல் மூன்றுதான். கலைந்த அணியின் மேனேஜர் அடுத்த வருஷத்து முதல் இலையை மட்டும் வைத்து, அந்த ஆளைத் தனக்குப் பிடித்த ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். தன்லியின் அணி போனால் முருகேசு கையாலேயே போனதாகத்தான் ஊர் சொல்லும். அவரும் அப்படித்தான் நினைத்தார். கடையைவிட்டு வெளியே வந்து வண்டிச் சாவியைத் தேடும்போது, "எம் மகன் வெக்கப்பட்டு அந்தக் கடைப் பக்கமே வரமாட்டேங்குறான் சயா" என்றார்.

அடுத்த நாள் காலை மொஹிங்கா சாப்பிட்டேன். மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸைப் போட்டால் எப்படி இருக்கும் என்று நான் பயந்த மாதிரி இல்லை, நன்றாக இருந்தது. பிறகு குடோனுக்குப் போய் உளுந்தைக் கடித்தேன். சரக்கு சுத்தம். ஈரம்தான் ஒரு பிடி அதிகம்.

ஓரமாக நாலைந்து பெண்கள் உட்கார்ந்து சாம்பிள் புடைத்துக்கொண்டிருந்தார்கள். முருகேசு சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து எனக்கு விரித்துக் காட்டினார். எல்லாம் பர்மிய எழுத்து. எனக்கு வட்டவட்டமாகத் தெரிந்ததே தவிர வேறு ஒன்றும் புரியவில்லை. முன்பெல்லாம் வாயால் சொல்லும் பெயரைத் தமிழில் எழுதுவார்களாம். இந்த வருஷம் ஊர் விட்டு ஊர் போகும்போது சோதனைச் சாவடியில் அட்டை கேட்கிறார்கள் என்பதால், அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதியிருந்தார்கள். கடைசியில் நாலு பெயர்கள் இலை விழாமல் கிடந்தன. அவற்றை முருகேசு எனக்காகச் சத்தமாகப் படித்தார்.

மூன்றாவது பெயரில், புடைத்துக்கொண்டிருந்த மா சான் நிமிர்ந்தாள். கியாக்தானிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிற பெண்.

"மின் கான் ஸோவா? அது எங்க தெருப் பையன். ஒங்க சுப்பையா."

அங்கே பாதித் தமிழருக்கு இரண்டு பெயர் உண்டு. வீட்டிலும் கோயிலிலும் ஒன்று, அட்டையிலும் பள்ளிக்கூடத்திலும் பர்மியப் பெயர் ஒன்று. முருகேசுவுக்கே அட்டையில் வேறு பெயர்தான். பட்டியலைச் சுற்றி உட்கார்ந்த நாலு மேனேஜருக்கும் இரண்டு பெயர். அந்தப் பையனுக்கும் இன்னொன்று இருக்குமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் மண்டியில் வேலை பார்க்கிறவர்களும் இவர்களும் ஒரே ரகம் என்று எனக்குப் பட்டது.

முருகேசு பட்டியலை அவசரமாக மடித்தார். "மா சான், இதை வேற யார்கிட்டயும் சொல்லலையே?"

"காலையில பஸ் ஸ்டாண்டுல லத்தாக்காரர் ஒருத்தர் காரை நிறுத்தி இந்தப் பேரைக் கேட்டார். பழனின்னு. சொன்னேனே."

இலை விழாத பெயருக்கு ஒரு சட்டம் இருக்கிறது. திருவிழாக் கொடி ஏறும்வரை எந்த ஊர் மேனேஜரும் அந்த ஆளைப் பார்த்து, வீட்டார் சம்மதத்தோடு கையில் வெற்றிலை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். நாலு ஊரையும் சேராத ஒருவர் சாட்சி நிற்க வேண்டும். கொடி மறுநாள் காலை. முருகேசு என் கையைப் பிடித்தார். நான் கையிலிருந்த உளுந்தை மூட்டையில் போட்டுவிட்டு எழுந்தேன்.

குடோன் கார் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. பஸ் ஏறினோம். பாதி வழியில் டயர் வெடித்தது. அவசரத்தில் பின்பக்கக் கதவு வழியாகக் குதித்தேன். அந்தக் கதவு நம் ஊர் போக்குவரத்துக்காக இடது பக்கம் வைத்தது, குதித்தால் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும். ஒரு லாரிக்காரர் என் பரம்பரையையே பர்மிய மொழியில் விசாரித்துவிட்டுப் போனார். கருவாட்டுக் கூடை ஏற்றிய ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. கூடைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டோம். முருகேசு வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தார்.

கியாக்தானில் ஆற்றுக்கு நடுவே தீவில் ஒரு பகோடா இருக்கிறது. கரையிலிருந்து படகில் போகிறார்கள். போகிறவர்கள் ஆற்றிலிருக்கும் பெரிய கெளுத்தி மீன்களுக்குத் தீனி போடுகிறார்கள். ஒவ்வொரு மீனும் என் கை நீளம். எங்கள் ஊரில் இப்படி மீன் கிடந்தால் சாயங்காலத்துக்குள் குழம்பில் கிடக்கும்.

சுப்பையாவின் அம்மா படகுத்துறையில் மீன்தீனி விற்கிறவர். டோ கின் என்று பெயர், பர்மியப் பெண்மணி. அப்பா தமிழர், கப்பல் வேலையில் இருக்கிறார். பையன் பக்கத்திலேயே பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தான். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. காலில் செருப்புகூட இல்லை.

"இவனா?" என்று முருகேசு காதில் கேட்டேன்.

ஒரு அடி அடித்துக் காட்டச் சொன்னேன். முப்பது வருஷத் திட்டு அனுபவம் சும்மா இருக்கவிடுமா? பையன் சுவரில் சாய்த்திருந்த பழைய மட்டையை எடுத்து, படகுத்துறைச் சிமெண்டுத் தரையில் பந்தை உருட்டி ஒரே அடி. பந்து நேராக ஆற்றில் போய் விழுந்தது. மீன்கள் தீனி என்று நினைத்துக் கூடிவிட்டன.

"வேண்டாம் முருகேசு" என்றேன். "பிடியே சரியில்லை. எங்க ஊர்ல இவனைப் பந்து பொறுக்கக்கூட விடமாட்டாங்க." இதை நான் சொன்னதற்கு மூன்று சாட்சி இருக்கிறார்கள் என்பதால் மறைக்க வழியில்லை.

அப்போதுதான் எதிர்க்கரையில் ஒரு கை ஆடியது. தீவில் நின்று எங்களைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தவர் ஊ பழனி. பையன் படகில் வேலை செய்கிறான் என்று யாரோ சொல்ல, அவர் தீவுக்குப் போய்த் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் ஓடிப்போய்ப் படகில் ஏறினார். படகு கிளம்பிவிட்டது.

முருகேசு டோ கின்னிடம் பர்மிய மொழியில் வேகமாகப் பேசினார். அந்தம்மா கேட்டது ஒன்றே ஒன்று என்று பிறகு சொன்னார். "இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவானா?" தினமும் நானே கூட்டிவந்து விடுகிறேன் என்றாராம் முருகேசு. அந்தம்மா தலையை ஆட்டினார். முருகேசு முகம் மலர்ந்து சட்டைப் பைக்குள் கையை விட்டார். கையை விட்டவர் அப்படியே நின்றார்.

பை காலி. பையனுக்குக் கொடுக்க வைத்திருந்த வெற்றிலையைக் கருவாட்டு வண்டியில் பதற்றத்தில் மென்று தின்றிருக்கிறார்.

பர்மாவில் பத்தடிக்கு ஒரு வெற்றிலைக் கடை இருக்கும். பகோடாத் துறையில் மட்டும் யாரும் துப்பிவைக்கக் கூடாது என்று ஒரு கடையும் வைக்கவிடுவதில்லை. படகு பாதி ஆறு தாண்டிவிட்டது. பழனி எழுந்து நின்றுகொண்டிருந்தார், அவர் கையில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

"போச்சு சயா" என்றார் முருகேசு. நல்ல மனிதர், ஐந்து வருஷமாக ஊரே சிரிக்கிறது, ஆறாவதாக இது.

டோ கின் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். என்ன தொலைந்தது என்று கேட்டார். முருகேசு சொன்னார். அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் பல்லெல்லாம் செக்கச் சிவப்பு. தீனிக் கூடைக்குப் பின்னாலிருந்து தன் வெற்றிலைப் பெட்டியை எடுத்து, ஈரத்துணியைப் பிரித்து, இருந்ததிலேயே நல்ல இலையாகப் பார்த்து எடுத்து முருகேசு கையில் வைத்தார். முருகேசு அதைப் பையன் கையில் வைத்தார். பையன் வாங்கிக்கொண்டான். படகு கரையில் இடித்தது.

"செல்லாது!" என்று பழனி தண்ணீரில் கால் வைத்தபடியே கத்தினார். "எலை அந்தம்மாளோடது! மேனேஜர் எலை இல்லை!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாட்சி நான்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மேனேஜர் கையிலிருந்து பையன் கைக்குப் போனதை நான் பார்த்தேன். இலை எந்தக் கொடியில் துளிர்த்தது என்று உங்கள் சட்டத்தில் எழுதியிருக்கிறதா?" என்றேன்.

பழனி கரையேறி வந்தார். பிறகு கையிலிருந்த இலையைத் தானே வாயில் போட்டுக்கொண்டு, "யபாடே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். திரும்பிவரும்போது எங்களைத் தன் காரிலேயே தன்லியினில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் தன் மாப்பிள்ளையைப் பற்றியே குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கொடி ஏறியது. ஆட்டங்கள் இந்த வருஷம் தன்லியினிலேயே. முதல் ஆட்டத்தில் இன்செய்ன் எங்களை மூன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்தது. எங்களை என்று எழுதுகிறேன், கவனியுங்கள். சுப்பையா கம்பம் மாதிரி நின்றான். பந்து வந்தால் இரண்டடி தத்தித்தத்தி நடந்தான், அவ்வளவுதான். அடுத்த நாள் பொட்டடாங்கிடமும் தோற்றோம். டோ கமலா கடையில் அன்றைக்கு டீ குடித்தவர்களைவிடச் சண்டை போட்டவர்கள் அதிகம்.

"அஞ்சு வருஷத்து மொத எலைய விட இந்த எலை மோசம்!" என்றார் ஒருவர்.

"மத்த மூணு டீமும் அவனைத் தேடிச்சே, அவங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா?" என்றார் இன்னொருவர்.

"கோவில்பட்டி சயாவைக் கேளு."

நான் கேட்காமலே சொன்னேன். "நாளைக்கு அவனை உட்கார வையுங்கள். பிடி சரியில்லை என்று அன்றைக்கே சொன்னேன்."

முருகேசு நிமிர்ந்து பார்த்தார். "எலை வச்சாச்சு சயா. வச்ச பெறகு உக்கார வைக்கிறது எங்க வழக்கம் இல்ல." அவர் எனக்கு எதிராகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்றது.

லத்தாவும் இரண்டு ஆட்டமும் தோற்றிருந்தது. அவர்களுடைய நல்ல ஃபார்வர்டு மலேசியாவில் இருந்தான். கடைசி நாள் லத்தாவும் தன்லியினும். தோற்றவர் கடைசி. சமமாக முடிந்தால் போன வருஷக் கணக்குப்படி தன்லியின் கடைசி. ஜெயித்தே ஆக வேண்டும்.

என் விமானம் அடுத்த நாள் காலை. சாம்பிளைக் கட்டி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் காய்ந்த கட்டாந்தரை. ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று எழுத ஆசைதான், எண்ணவில்லை. மரத்தில் இருந்தவர்களையும் சேர்த்து நிறையப் பேர். ஒரு அம்மாள் விற்ற தேயிலைச் சாலட்டை வாங்கி நின்றுகொண்டே தின்றேன். நாம் குடிக்கிற தேயிலையை இவர்கள் ஊறவைத்து, வறுத்த பருப்பும் எள்ளும் போட்டுப் பிசைந்து தின்கிறார்கள். காரமும் துவர்ப்புமாக, பதற்றத்துக்கு ஏற்ற தீனி.

முதல் பாதியில் லத்தா ஒரு கோல் போட்டது. சுப்பையா மறுபடியும் கம்பம். முருகேசு கோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இடைவேளையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டோ கின் வந்தார். மகன் ஆடுவதைப் பார்க்கக் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறார். முருகேசுவிடம் போகவில்லை, என்னிடமும் வரவில்லை, நேராக மகனிடம் போய் அவன் காலைக் காட்டிப் பர்மிய மொழியில் ஒரு சத்தம் போட்டார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

"‘அந்தப் படகைக் கழட்டுடா’ங்குறாங்க."

புது ஷூ. முருகேசு ஆசையாக வாங்கிக் கொடுத்தது. வளர்கிற பையன் என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கியிருக்கிறார். பிறந்ததிலிருந்து படகுத்துறைச் சிமெண்டில் வெறுங்காலோடு ஆடியவன், மேனேஜர் மனசு நோகுமே என்று இரண்டரை ஆட்டமும் அதை இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். முருகேசு வாயைப் பிளந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று நாளாக அவன் கையையே பார்த்துக் குறை சொன்ன எனக்குக் காலைப் பார்க்கத் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் வெறுங்காலோடு இறங்கினான். முதல் பந்து அவனிடம் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லத்தா ஆள் ஒருவன் வலது பக்கம் விழுந்தான், இன்னொருவன் இடது பக்கம் போனான், பந்து வலைக்குள் கிடந்தது. என்ன நடந்தது என்று முழுசாக எனக்குத் தெரியாது. ஒன்றுக்கு ஒன்று. நான் தேயிலைச் சாலட்டை யார் தலையிலோ கொட்டிவிட்டேன்.

பிறகு லத்தாவும் விடவில்லை. கடைசி ஐந்து நிமிஷத்தில் அவர்களுக்குக் கோல் பக்கமிருந்தே அடிக்கிற ஷார்ட் கார்னர் கிடைத்தது. அடித்த அடியில் கோல்கீப்பர் ஏமாந்துவிட்டார், பந்து கோட்டைத் தாண்டப் போகிறது. மடங்காத முழங்காலோடு தங்கராஜ் அப்படியே மரம் சாய்கிற மாதிரி கோட்டின்மேல் சாய்ந்தார். சாய்ந்தவர் மட்டை தரையில் படுத்தது, பந்து அதில் பட்டு வெளியே வந்தது. விழுந்த இடத்திலிருந்தே, "ஓடுடா சுப்பையா!" என்று கத்தினார்.

பையன் ஓடினான். தன் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கம் வரை, பந்து அவன் மட்டையைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போகவில்லை. வட்டத்துக்குள் நுழைந்ததும் பந்து அவனுக்கு இடது பக்கம் விலகிவிட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். மட்டையைத் திருப்பிப் பிடித்து, தரையோடு தரையாக வீசினான். நான் சரியில்லை என்று சொன்ன அதே பிடி. வலை குலுங்கியது.

விசில் ஊதும்வரை நான் மூச்சுவிட்டதாக ஞாபகம் இல்லை. ஊதியதும் என்ன கத்தினேன் என்றும் தெரியாது. நடுரோட்டில் லாரிக்காரனிடம் வாங்கிய திட்டை மறந்து, அறிமுகமே இல்லாத இரண்டு பேரைக் கட்டிப்பிடித்திருந்தேன். தங்கராஜைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், முட்டி வலிக்குதுடா என்று அவர் அலறினார், யாரும் கேட்கவில்லை. ஊ பழனி கூட்டத்துக்குள் வந்து முருகேசு கையைக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் அன்றைக்கு ஒரு அணி போயிருந்தது. முருகேசு அவரைத் தோளோடு அணைத்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

நான் சுப்பையாவிடம் போய், "தம்பி, நான் சொன்னது தப்பு" என்றேன். முப்பது வருஷத்தில் ஒரு ஆட்டக்காரனிடம் நான் இதைச் சொன்னது அன்றைக்குத்தான். அவனுக்கு என் தமிழ் பாதிதான் புரிந்தது போலிருக்கிறது, வெட்கத்தோடு சிரித்தான். "இருட்டப் போவுது, அம்மா காத்து நிக்குது" என்றான்.

முருகேசு அவனையும் டோ கின்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பத் திரும்பினார். டோ கமலா வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"டேய் முருகேசு! அடுத்த வருஷம் மொத எலை யாருக்குன்னு யோசிச்சியா?"

முருகேசு வழக்கம்போல் குனிந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். அணி கலைந்தாலும் கடைசியாக வந்தவர்களுக்குத்தான் முதல் இலை, அதாவது ஊ பழனிக்கு.

"எனக்கு இல்ல" என்றார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "எனக்கு இல்லம்மா!"

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி மூன்றாவது தடவை அதைக் கத்தினார். கூட்டத்தின் ஓரத்தில் அவர் ஜாடையில் நின்றிருந்த ஒரு இளைஞன், "அப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டு அவரை நோக்கி வந்தான்.